பூட்டு பலம்தான்... பெட்டி எப்படி? குவான்டம் சாவிக்கு ஆம்பூர் ஷூ சொல்லும் பாடம்!

ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஏற்றுமதிக்கான ஷூ தயாரிக்கும் தொழிற்சாலைகளில் ஒரு விநோதமான வேலை நடக்கும். ஃபினிஷிங் முடிந்து பளபளவென்று வந்து நிற்கும் புத்தம்புது ஷூவை எடுத்து, பரிசோதனை அறையில் ஒரு மெஷினில் மாட்டுவார்கள். மெஷின் அதை மடக்கும், நிமிர்த்தும், மறுபடி மடக்கும். ஒரு தடவை, இரண்டு தடவை அல்ல, ஆயிரக்கணக்கான தடவை. பக்கத்தில் இன்னொரு மெஷின், ஷூவின் அடிப்பாகத்தைப் பிய்த்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று இழுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்.

நன்றாக இருக்கும் ஷூவை எதற்கு இப்படிப் போட்டு வதைக்க வேண்டும்? காரணம் எளிமையானது. கிழிவதாக இருந்தால் அது இங்கேயே கிழியட்டும். ஜெர்மனியில் யாரோ ஒருவர் காலில் மாட்டி நடக்கும்போது கிழியக் கூடாது.

இந்த ஊர்களை உரசிக்கொண்டு ஓடும் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையின் இரண்டு முனைகளிலும் இப்போது வேறொரு சரக்கு தயாராகிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் குவான்டம் சாவி. வங்கிப் பணம், ராணுவத் தகவல், மருத்துவமனை ஆவணம் என எதையும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பூட்டிவைக்கும் சாவி. 'இதற்கு இயற்பியல் விதியே காவல். யாராலும் உடைக்க முடியாது' என்பதுதான் இதைப் பற்றி அடிக்கடி காதில் விழும் பேச்சு.

ஆனால், இது உடைந்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, பல தடவை. விதி உடையவில்லை. விதியை நம்பிச் செய்த பெட்டிதான் உடைந்தது. அந்தக் கதையைத் தெரிந்துகொள்வது, இந்தத் தொழில்நுட்பத்தில் ஆயிரக்கணக்கான கோடி ரூபாயைப் போட்டிருக்கும் நம் நாட்டுக்கு ரொம்பவே அவசியம்.

பெங்களூருவில் அரங்கேறிய யோசனை

நீங்கள் போனில் பணம் அனுப்பும்போதும், ஏற்றுமதி கம்பெனி ஒன்று தன் ஆர்டர் விவரத்தை இத்தாலிக்கு அனுப்பும்போதும், அந்தத் தகவல் ரகசியக் குறியீடாக மாறித்தான் பயணிக்கிறது. அந்தக் குறியீட்டைத் திறக்கும் ரகசிய எண்தான் சாவி. இன்று பரவலாகப் புழங்கும் முறைகளில், இந்தச் சாவியைப் பாதுகாப்பது ஒரு கடினமான கணக்கு. ஒரு பிரமாண்டமான எண்ணை அதன் காரணிகளாகப் பிரிப்பது போன்ற கணக்கு. சாதாரண கம்ப்யூட்டருக்கு அது ஆயுள் முழுக்கப் போட்டாலும் தீராது. ஆனால், போதுமான பலமுள்ள குவான்டம் கம்ப்யூட்டர் ஒன்று வந்துவிட்டால் அந்தக் கணக்கைச் சீக்கிரமே போட்டுவிடும் என்று 1994-ல் அமெரிக்க கணிதவியலாளர் பீட்டர் ஷோர் நிரூபித்துவிட்டார்.

அவ்வளவு பலமான குவான்டம் கம்ப்யூட்டர் இன்னும் வரவில்லை. 'அப்புறம் என்ன கவலை?' என்று இருந்துவிட முடியாது. இன்று பூட்டிய நிலையில் போகும் தகவலைத் திருடிச் சேமித்துவைத்து, கம்ப்யூட்டர் வந்த பிறகு நிதானமாகத் திறந்து பார்க்கலாம். ஷூ டிசைன் இரண்டு சீசனில் பழசாகிவிடும். ஒருவருடைய நோய் விவரமோ, நாட்டின் ராணுவ ரகசியமோ 20 வருடங்கள் ஆனாலும் ரகசியம்தான்.

இதற்கான மாற்று வழி, ஷோருக்கு 10 வருடங்கள் முன்பே, ஆம்பூரிலிருந்து இரண்டு மூன்று மணி நேர பஸ் பயண தூரத்தில் முன்வைக்கப்பட்டது. 1984 டிசம்பரில் பெங்களூருவில் நடந்த ஒரு சர்வதேச மாநாட்டில், ஐ.பி.எம் நிறுவனத்தின் சார்லஸ் பென்னட், கனடாவின் ஜில் பிராசார்ட் இருவரின் ஆய்வுக்கட்டுரை இடம்பெற்றது. இருவர் பெயரின் முதல் எழுத்தும், அந்த ஆண்டும் சேர்ந்து அந்த முறைக்கு 'பி.பி.84' என்று பெயர். உலகம் முழுவதும் குவான்டம் சாவி விநியோகத்துக்கு இதுதான் பிள்ளையார் சுழி.

யோசனை இதுதான். ஆம்பூரில் ஆயிஷா, பெங்களூருவில் பாபு என்று இரண்டு பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரு ரகசிய சாவி வேண்டும். ஆயிஷா ஒளியை ஒவ்வொரு துகளாக, அதாவது ஒவ்வொரு ஃபோட்டானாக அனுப்புகிறார். ஒவ்வொரு ஃபோட்டானும் ஒரு குறிப்பிட்ட திசையில் அதிரும்படி செய்ய முடியும். செங்குத்து, கிடை என்பது ஒரு ஜோடி. வலச்சாய்வு, இடச்சாய்வு என்பது இன்னொரு ஜோடி. எந்த ஜோடியில் அனுப்பினார் என்பது அந்த நேரத்தில் ஆயிஷாவுக்கு மட்டுமே தெரியும்.

பாபு தன் இஷ்டத்துக்கு ஏதோ ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து அளக்கிறார். ஜோடி பொருந்தினால் சரியான விடை வரும். பொருந்தாவிட்டால், காசைச் சுண்டிப்போட்ட மாதிரி ஏதோ ஒன்று வரும். எல்லாம் முடிந்தபின் இருவரும் போனில் பேசி, 'எந்தெந்தத் துகளுக்கு நம் ஜோடி பொருந்தியது?' என்பதை மட்டும் ஒப்பிட்டு, மற்றவற்றைத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சுவதுதான் சாவி.

நடுவில் ஒருவர் ஒட்டுக்கேட்டால்? அவருக்கும் எந்த ஜோடி என்று தெரியாது. குத்துமதிப்பாக அளந்து, அதையே திருப்பி அனுப்ப வேண்டியதுதான். பாதி நேரம் தப்பான ஜோடியில் அளப்பார். அந்தத் துகள் கெட்டுப்போகும். எல்லாத் துகளையும் அப்படிப் பிடித்துப் பார்த்தால், கடைசியில் கிடைக்கும் சாவியில் நான்கில் ஒரு பங்கு தப்பாக இருக்கும். ஆயிஷாவும் பாபுவும் சாவியின் ஒரு சிறு பகுதியை வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தாலே திருட்டு தெரிந்துவிடும். நகலெடுத்து வைத்துக்கொள்ளலாமா? அதுவும் நடக்காது. முன்பின் தெரியாத ஒரு குவான்டம் துகளை அச்சு அசலாக நகலெடுக்கவே முடியாது என்பது 1982-ல் நிரூபிக்கப்பட்ட விதி.

காகிதத்தில் இது குறையே இல்லாத திட்டம். காகிதத்தில்!

காது கேட்காத திருடனுக்கு மட்டும்...

ஐந்து வருடங்கள் கழித்து, 1989-ல் பென்னட்டும் பிராசார்டும் மாணவர்களின் உதவியோடு இதைச் செய்து பார்த்தார்கள். அமெரிக்காவில் ஐ.பி.எம் ஆய்வுக்கூடத்தின் மேஜைமீது, சுமார் 32 சென்டிமீட்டர் தூரத்துக்கு ஒளித்துகள்கள் பயணித்தன. ஒரு பள்ளிக்கூட ஸ்கேலின் நீளம். உலகின் முதல் குவான்டம் சாவி அங்கேதான் பிறந்தது.

அதிலேயே ஒரு வேடிக்கை. ஒளித்துகளின் அதிர்வுத் திசையை மாற்றும் கருவிக்கு அதிக வோல்டேஜ் மின்சாரம் தேவைப்பட்டது. எந்தத் திசைக்கு மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்து, அந்த மின்சப்ளை போட்ட சத்தமும் மாறியது. அறையில் நின்றுகொண்டு காதைத் தீட்டிக் கேட்டாலே எந்தத் துகள் போகிறது என்று தெரிந்துவிடும்! 'எங்கள் கருவி முழுப் பாதுகாப்பானது. ஆனால், திருடனுக்குக் காது கேட்காமல் இருக்க வேண்டும்' என்கிற அர்த்தத்தில் பிராசார்டே பிற்பாடு இதைக் கிண்டலாக எழுதினார்.

சிரிப்பாக இருந்தாலும், இந்தத் துறையின் தலையாய பிரச்னை அந்தச் சத்தத்தில்தான் இருந்தது. சூத்திரம் ஒளித்துகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது. நிஜக் கருவியோ ஒளியோடு சேர்த்து சத்தம் போடும், சூடாகும், தாமதமாகும், தேயும். கணக்கில் எழுதப்படாத அந்த ஓட்டை வழியாகத்தான் திருடன் வருவான்.

கண்ணைக் கூசவைத்துத் திருட்டு

இருபது வருடங்கள் ஓடின. குவான்டம் சாவிப் பெட்டிகள் விற்பனைக்கே வந்துவிட்டன. 2010-ல் நார்வே நாட்டின் ட்ரான்ஹெய்ம் நகரில், வாதிம் மகரோவ் இருந்த ஆராய்ச்சிக்குழு ஜெர்மன் ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு குண்டைப் போட்டது. ஸ்விட்சர்லாந்தின் ஐ.டி குவான்டிக், அமெரிக்காவின் மேஜிக் ஆகிய இரண்டு நிறுவனங்களின் பெட்டிகளையும் ஏமாற்ற முடியும் என்று காட்டியது. கையில் இருந்த ஆயுதம், வெறும் வெளிச்சம்.

பாபுவின் பெட்டிக்குள் இருக்கும் டிடெக்டர், ஒரே ஒரு ஒளித்துகள் வந்தாலும் 'டிக்' என்று சொல்லும் அளவுக்குக் கூர்மையானது. நள்ளிரவில் குண்டூசி விழுந்தாலும் விழித்துக்கொள்ளும் காவலாளி மாதிரி. அந்தக் காவலாளியின் முகத்தில் லாரி ஹெட்லைட்டைத் தொடர்ந்து அடித்தால் என்ன ஆகும்? கண் கூசிப்போய், சின்ன வெளிச்சம் எதுவுமே தெரியாது. டிடெக்டருக்கும் அதே நிலைமைதான். தொடர்ந்து பிரகாசமான ஒளியைச் செலுத்தினால், அது ஒற்றைத் துகளைக் கண்டுபிடிக்கும் திறமையை இழந்து, ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வெளிச்சம் வந்தால் மட்டும் 'டிக்' என்று சொல்லும் சாதாரணக் கருவியாகிவிடுகிறது.

இனி திருடன் வைத்ததுதான் சட்டம். ஆயிஷா அனுப்பும் துகளைத் தானே பிடித்து அளக்கிறான். அதே விடையை ஒரு பலமான ஒளித்துடிப்பாக பாபுவுக்கு அனுப்புகிறான். பாபு அதே ஜோடியில் அளந்தால், முழு வெளிச்சமும் ஒரே டிடெக்டருக்குப் போய் 'டிக்' சொல்லும். வேறு ஜோடியில் அளந்தால், வெளிச்சம் இரண்டாகப் பிரிந்துவிடும். எந்த டிடெக்டருக்கும் போதாது, சத்தமே வராது. ஆக, திருடன் எதை அளந்தானோ, அதை மட்டுமே பாபுவும் அளக்கிறார். பிழை கூடுவதில்லை. அலாரம் அடிப்பதில்லை. சாவி திருடன் கையில்!

'ஆய்வுக்கூடத்தில் செய்யலாம், நிஜத்தில் முடியுமா?' என்ற கேள்விக்கு சிங்கப்பூரில் பதில் கிடைத்தது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 290 மீட்டர் ஃபைபர் கேபிள் வழியாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குவான்டம் சாவி இணைப்பில், அங்குள்ள ஆய்வாளர்களும் நார்வே குழுவும் சேர்ந்து முழு ஒட்டுக்கேட்பையும் நடத்திக் காட்டினார்கள். சாவி முழுவதும் ஒட்டுக்கேட்டவர் கைக்கு வந்தது. இரண்டு முனையில் இருந்தவர்களுக்கும் எதுவுமே தெரியவில்லை. 2011-ல் இந்த ஆய்வு வெளியானது.

இதில் கவனிக்க வேண்டிய நாகரிகம் ஒன்று உண்டு. 2010 ஆய்வை வெளியிடுவதற்கு முன்பே, நார்வே குழு அந்த நிறுவனங்களிடம் ஓட்டையைச் சொல்லிவிட்டது. அடைப்பதற்கு அவகாசமும் கொடுத்தது. இவர்கள் திருடர்கள் அல்லர். ஷூவை மடக்கி நிமிர்த்தும் அந்த மெஷின்தான் இவர்கள்.

குரோமியம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல!

வேலூர் வட்டாரத் தோல் தொழிலுக்கு இந்த மாதிரி அடி நன்றாகவே பழக்கம். தோல் கெட்டுப்போகாமல் இருக்கப் பயன்படுத்திய பென்டாகுளோரோபீனால் என்ற ரசாயனத்துக்கு ஜெர்மனி தடை போட்டபோது, தமிழ்நாட்டுத் தோல் ஏற்றுமதி ஆடிப்போனது. தோல் நன்றாகத்தான் இருந்தது. யாரும் சோதித்துப் பார்க்காத ஒரு ரசாயனத்தின் மிச்சம்தான் பிரச்னை.

குரோமியம் விஷயம் இன்னும் நுட்பமானது. பதனிடப் பயன்படுவது பெரிய ஆபத்தில்லாத குரோமியம்-3. ஆனால் வெப்பம், வெளிச்சம், சேர்க்கும் எண்ணெய் எனச் சூழ்நிலை சரியில்லாவிட்டால், அதில் ஒரு துளி ஆபத்தான குரோமியம்-6 ஆக மாறிவிடலாம். அதனால்தான் 2015 மே மாதம் முதல், தோலில் குரோமியம்-6 கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே அந்தப் பொருளை விற்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. ஃபார்முலா சரியாக இருந்தால் மட்டும் போதாது; கைக்கு வரும் பொருளைச் சோதிக்க வேண்டும்.

குவான்டம் பெட்டிக்கும் இதே நிலைதான். கண்கூசும் ஓட்டை ஒன்று மட்டும் இல்லை, ஒரு பட்டியலே இருக்கிறது.

* விளக்கின் குறை: ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஃபோட்டான் அனுப்ப வேண்டும். நடைமுறையில் மிகவும் மங்கலான லேசர் துடிப்புகளைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். சில துடிப்பில் இரண்டு மூன்று ஃபோட்டான்கள் இருந்துவிடும். திருடன் ஒன்றை எடுத்துவைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிடலாம். நகலெடுக்க வேண்டிய அவசியமே இல்லை!

* கடிகாரத்தின் குறை: பாபுவிடம் உள்ள இரண்டு டிடெக்டர்களும் மிகச் சரியாக ஒரே நொடித்துளியில் விழித்துக்கொள்வதில்லை. ஒளி வந்துசேரும் நேரத்தை லேசாக முன்பின் நகர்த்தினால், எந்த டிடெக்டர் 'டிக்' சொல்லும் என்பதைத் திருடன் ஊகிக்கலாம். கனடாவின் டொரன்டோவில் ஹோய்-குவாங் லோ இருந்த குழு, விற்பனையில் இருந்த ஒரு கருவியிலேயே இதை 2008-ல் செய்து காட்டியது.

* கதவின் குறை: ஒளி வெளியே போகும் ஃபைபர் வழியாகவே உள்ளே ஒளியை அனுப்பி, திரும்பி வரும் பிரதிபலிப்பை வைத்து ஆயிஷாவின் பெட்டி எந்தத் திசையில் அமைந்திருக்கிறது என்று படிக்கலாம். ட்ரோஜன் குதிரைத் தாக்குதல் என்று இதற்குப் பெயர்.

* தேய்மானம்: மேலே சொன்னதைத் தடுக்க வைத்திருக்கும் உதிரிபாகத்தையே பலமான லேசரால் பழுதாக்கி, புதிய ஓட்டையை உண்டாக்கலாம் என்று 2016-ல் மகரோவ் குழு காட்டியது.

ஒவ்வோர் ஓட்டைக்கும் அடைப்பும் வந்தது. மங்கலான லேசர் பிரச்னைக்கு ஒரு சுவாரஸ்யமான தீர்வு. நிஜத் துடிப்புகளுக்கு நடுவே, வெவ்வேறு பிரகாசத்தில் போலித் துடிப்புகளைக் கலந்து அனுப்புவது. எது நிஜம், எது போலி என்று திருடனுக்குத் தெரியாது. இரண்டு ஃபோட்டான் உள்ளவற்றை மட்டும் அவன் பொறுக்கினால், வந்துசேரும் கணக்கு உதைக்கும். 2003 முதல் 2005 வரை மெருகேறிய இந்தத் தந்திரம், இன்று பல குவான்டம் சாவிக் கருவிகளில் இருக்கிறது.

நடுவில் ஆம்பூர் இருந்தால்?

இன்னொரு பலவீனம், தூரம். நல்ல ஃபைபர் கேபிளில்கூட 100 கிலோமீட்டர் போனால், 100 ஃபோட்டான்களில் ஒன்றுதான் மிஞ்சும். சென்னையிலிருந்து பெங்களூருவுக்கு சுமார் 350 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் ஒரே மூச்சில் அனுப்பினால், ஒரு கோடி துகள்களில் ஏறத்தாழ ஒன்றுதான் கரைசேரும். வழியில் பலப்படுத்தி அனுப்பவும் முடியாது. பலப்படுத்துவது என்றால் நகலெடுப்பது. அதைத்தான் விதி தடுக்கிறதே!

அதனால் நடுவில் நிலையங்கள் தேவைப்படும். கற்பனைக்கு, ஆம்பூரில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னையோடு ஒரு சாவி, பெங்களூருவோடு ஒரு சாவி. ஒன்றைத் திறந்து மற்றொன்றில் பூட்டி அனுப்பும் வேலை ஆம்பூர் நிலையத்துக்கு. அப்படியானால் அந்த அறைக்குள் இரண்டு சாவிகளும் வெளிப்படையாக இருக்கும். இயற்பியல் விதியின் காவல் அந்த அறையின் வாசலோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பூட்டு, கேமரா, வாட்ச்மேன் என்று நமக்குத் தெரிந்த பழைய காவல்தான். 2017-ல் சீனா திறந்துவைத்த, சுமார் 2,000 கிலோமீட்டர் நீளமுள்ள பீஜிங் - ஷாங்காய் குவான்டம் பாதையில் இப்படி 32 நிலையங்கள் இருக்கின்றன.

இதற்கும் டிடெக்டர் ஓட்டைக்கும் சேர்த்து 2012-ல் ஓர் அழகான தீர்வு வந்தது. ஹோய்-குவாங் லோ, மார்கோஸ் குர்ட்டி, பிங் ச்சி மூவரும் சொன்னது இது: சென்னையும் அனுப்பட்டும், பெங்களூருவும் அனுப்பட்டும். இரண்டு ஒளியும் நடுவில் சந்திக்கட்டும். நடுநிலையம் சொல்ல வேண்டியது, 'இரண்டும் ஒத்துப்போகின்றனவா, இல்லையா?' என்பதை மட்டும்தான். எது என்ன என்று அதற்கே தெரியாது. ஆக, அந்த நிலையத்தைத் திருடனே நடத்தினாலும் சாவி கிடைக்காது. டிடெக்டர்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன என்பதால், கண்கூசும் திருட்டுக்கும் வேலை இல்லை. இதன் அடுத்த கட்டமான 'இரட்டைப் புலம்' முறை 2018-ல் வந்தது. 2023-ல் சீன ஆய்வாளர்கள் அந்த முறையில் 1,000 கிலோமீட்டர் ஃபைபர் தூரத்தைத் தாண்டினார்கள். வேகம் மிகமிகக் குறைவு என்றாலும், வழி திறந்துவிட்டது.

இன்னும் ஒரு படி மேலே போனால், பெட்டியை யார் செய்தார், எப்படிச் செய்தார் என்றே கவலைப்படத் தேவையில்லை. வரும் விடைகளின் பொருத்தத்தை வைத்தே பாதுகாப்பை உறுதிசெய்யலாம். 1991-ல் ஆர்தர் எக்கர்ட் போட்ட விதை இது. 2022-ல் ஆக்ஸ்போர்டில் செயலுக்கு வந்தது. இரண்டு மீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு அணுக்கருவிகள், சுமார் எட்டு மணி நேரம் உழைத்து 95,628 பிட் சாவியைத் தந்தன. ஒரு வாட்ஸ்அப் போட்டோவைப் பூட்டக்கூடப் போதாது. ஆனாலும், 'பெட்டியை நம்பாதே' என்ற கொள்கை நடைமுறைக்கு வந்த நாள் அது.

இந்தியா எங்கே நிற்கிறது?

2020 டிசம்பரில் டி.ஆர்.டி.ஓ, ஹைதராபாத்தில் தன் இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு இடையே குவான்டம் சாவி பரிமாற்றத்தை நடத்தியது. 2021 மார்ச்சில் இஸ்ரோ, அகமதாபாத்தில் கேபிளே இல்லாமல் திறந்தவெளியில் 300 மீட்டர் தூரத்துக்கு அனுப்பியது. 2022 பிப்ரவரியில் டி.ஆர்.டி.ஓ-வும் ஐ.ஐ.டி டெல்லியும், உத்தரப்பிரதேசத்தில் பிரயாக்ராஜிலிருந்து விந்தியாசலுக்கு, ஏற்கெனவே போடப்பட்டிருந்த வணிக ஃபைபர் கேபிளிலேயே 100 கிலோமீட்டருக்கு மேல் அனுப்பின. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய குவான்டம் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நகரங்களுக்கு இடையே 2,000 கிலோமீட்டர் குவான்டம் சாவி இணைப்பு என்பது அதன் இலக்குகளில் ஒன்று. இந்தத் திட்டத்தில் குவான்டம் தகவல்தொடர்புக்கான மையம், சி-டாட் அமைப்போடு இணைந்து சென்னையில் ஐ.ஐ.டி மெட்ராஸுக்குக் கிடைத்திருக்கிறது.

சாலையின் மறுமுனையான பெங்களூருவில், ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் உர்பசி சின்ஹாவின் குழு, கருவிகளின் குறைகளையும் கணக்கில் சேர்த்து குவான்டம் சாவி இணைப்பைக் கம்ப்யூட்டரில் ஒத்திகை பார்க்கும் மென்பொருளை 2020-ல் வெளியிட்டது. தூரச் சாதனைகள் தலைப்புச் செய்தியாகும். இந்த மாதிரி வேலைகள் ஆகாது. ஆனால், நிஜப் பெட்டி செய்யப்போகிறவருக்கு இதுதான் அஸ்திவாரம்.

இன்னொரு நல்ல அறிகுறியும் உண்டு. 2023 மார்ச்சில், டெல்லியில் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் பவனுக்கும் தேசிய தகவல் மைய அலுவலகத்துக்கும் இடையே குவான்டம் பாதுகாப்பு இணைப்பு செயல்படத் தொடங்கியதை அறிவித்த அப்போதைய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், 'இதை உடைத்துக் காட்டினால் ஒவ்வோர் உடைப்புக்கும் 10 லட்சம் ரூபாய்' என்று ஹேக்கர்களுக்கு அழைப்பு விடுத்தார்.

உடைக்கச் சொல்லிக் கூப்பிடுவது சரியான மனநிலை. ஆனால், வெளியே நின்று கதவைத் தட்டிப் பார்ப்பது வேறு, பெட்டியையே கையில் கொடுத்து, திறந்து ஒவ்வோர் உதிரிபாகமாக மாதக்கணக்கில் சோதிக்கவிடுவது வேறு. ட்ரான்ஹெய்மிலும் சிங்கப்பூரிலும் ஓட்டை தெரிந்தது இரண்டாவது வழியில்தான். இப்போது அதற்கென்று அளவுகோலும் வந்துவிட்டது. குவான்டம் சாவிக் கருவிகளை எப்படிச் சோதிப்பது என்பதற்கான சர்வதேசத் தரநிலையை 2023-ல் ஐ.எஸ்.ஓ வெளியிட்டது. ஏற்றுமதித் தோலுக்கு ஆய்வக சர்டிஃபிகேட் கேட்பதுபோல, குவான்டம் பெட்டி வாங்கும் வங்கியும் அரசுத் துறையும் 'யார் உடைக்க முயற்சி செய்தார்கள், என்ன கண்டுபிடித்தார்கள்?' என்று கேட்கத் தொடங்கினால்தான் பெட்டி தேறும்.

அப்படியென்றால் இது வேண்டாத வேலையா?

அப்படி நினைப்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் என்.எஸ்.ஏ, பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் இரண்டுமே அரசுப் பயன்பாட்டுக்குக் குவான்டம் சாவியைப் பரிந்துரைக்கவில்லை. தனிக் கருவி வேண்டும், செலவு அதிகம், நடுநிலையங்களை நம்ப வேண்டும், கருவியின் குறையால் பாதுகாப்பு கெடலாம் என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். அத்துடன், 'அந்தப் பக்கம் பேசுவது பாபுதானா?' என்பதைக் குவான்டம் சாவி தானாக உறுதிசெய்யாது. அதற்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

அவர்கள் பரிந்துரைப்பது, குவான்டம் கம்ப்யூட்டராலும் உடைக்க முடியாது என்று நம்பப்படும் புதிய கணக்குகளை. 2024 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு அப்படி மூன்று முறைகளுக்குத் தரநிலை வெளியிட்டது. சாதாரண போனிலும் கம்ப்யூட்டரிலும் மென்பொருளாகவே ஏற்றிக்கொள்ளலாம். ஆனால், கணக்கும் சறுக்கும். அந்தத் தேர்வில் கடைசிச் சுற்றுகள் வரை வந்த 'சைக்' என்ற முறையை, 2022-ல் பெல்ஜியத்தின் இரண்டு கணிதவியலாளர்கள் சாதாரண கம்ப்யூட்டரை வைத்து சுமார் ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். அதனால், ரொம்பவும் முக்கியமான இடங்களில் இரண்டையும் சேர்த்தே போடலாம் என்று சொல்லும் நிபுணர்களும் இருக்கிறார்கள். கதவுக்குப் பூட்டும் வேண்டும், தாழ்ப்பாளும் வேண்டும்.

திருடன் வருவது எந்த வழியில்?

இதெல்லாம் விஞ்ஞானிகள் விவகாரம் என்று ஒதுக்க வேண்டாம். உலகம் முழுக்க ஏற்றுமதி, இறக்குமதி செய்பவர்களைக் குறிவைக்கும் ஒரு மோசடி இருக்கிறது. வாடிக்கையாளர் அனுப்புவதுபோலவே, அல்லது சப்ளையர் அனுப்புவதுபோலவே ஒரு இ-மெயில் வரும். முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். 'எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் பணம் போடுங்கள்' என்று இருக்கும். போட்டால், அவ்வளவுதான்.

இந்தத் திருடன் எந்தக் குறியீட்டையும் உடைக்கவில்லை. உலகின் மிகச் சிறந்த குவான்டம் சாவியை வைத்திருந்தாலும் இவனைத் தடுக்க முடியாது. சாவியில் கை வைக்காமல், சாவியைப் பிடித்திருக்கும் மனிதரை ஏமாற்றுகிறான். ட்ரான்ஹெய்மில் டிடெக்டரின் கண்ணைக் கூசவைத்த அதே உத்திதான். இங்கே டிடெக்டர் நாம்.

அக்கவுன்ட் எண் மாற்றம் என்று எந்தத் தகவல் வந்தாலும், ஏற்கெனவே தெரிந்த போன் நம்பரில் கூப்பிட்டு, குரலைக் கேட்டு உறுதிசெய்த பிறகே பணம் அனுப்புங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாமல், உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால், பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

பெங்களூருவில் அந்த யோசனை முன்வைக்கப்பட்டு நாற்பது வருடங்களைத் தாண்டிவிட்டது. இந்த நாற்பது வருடங்களில் பி.பி.84-ன் விதியை யாரும் அசைக்கவில்லை. பெட்டியை மட்டும் திரும்பத் திரும்ப உடைத்தார்கள். ஒவ்வோர் உடைப்புக்குப் பிறகும் பெட்டி கொஞ்சம் தேறியது. நாளை அது சென்னை - பெங்களூரு சாலையோரம் ஏதோ ஒரு கட்டடத்துக்குள் வந்து உட்காரலாம். அதற்கு முன், ஆம்பூர் ஷூ படும் பாட்டை அதுவும் பட்டாக வேண்டும்.